உறைகுளிரில் குணம் மாறும் சிலிக்கான் சிப்: இரு தேசிய இயக்கங்களுக்கு நடுவே கவனிக்கப்படாத தொழில்நுட்பம்

புதுதில்லி: நாட்டில் குவாண்டம் கணினிகளை உருவாக்குவதற்கான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. அதன் மதிப்பு ரூ.6,003.65 கோடி. சிப் உற்பத்தியை உள்நாட்டில் தொடங்குவதற்கான செமிகண்டக்டர் திட்டத்துக்கு அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், ரூ.76,000 கோடிக்கு ஒப்புதல் வழங்கப்பட்டிருந்தது. முதலாவது இயக்கத்தை அறிவியல் தொழில்நுட்பத் துறையும், இரண்டாவதை மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் நடத்தி வருகின்றன.

இவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் உள்ளது. கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் இருக்கும் அதே சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டர், அந்தக் குளிரிலும் இயங்க வேண்டிய கட்டாயம் குவாண்டம் கணினியால் ஏற்பட்டுள்ளது. ஆனால், அங்கே சிலிக்கான் வேறு பொருளைப்போல நடந்துகொள்கிறது. அந்த நடத்தையை அளந்து, கணித்து, அதற்கேற்ப சிப் வடிவமைக்கும் திறனே உலக ஆய்வகங்களின் புதிய போட்டியாக உருவெடுத்துள்ளது. சில நாடுகள் அதை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டன.

கம்பிகளின் நெருக்கடி

கூகுள், ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் மீகடத்து வகை கியூபிட்டுகள், தனிச்சுழி வெப்பநிலைக்கு (மைனஸ் 273.15 டிகிரி) மேலே வெறும் 0.01 முதல் 0.02 கெல்வின் அளவில் மட்டுமே சரியாக இயங்கும். இதற்காக அவை நீர்த்தல் குளிரூட்டி எனப்படும் பல அடுக்குச் சாதனத்தின் அடியில் வைக்கப்படுகின்றன. அவற்றுக்குக் கட்டளையிட்டு விடையைப் படித்தறியும் மின்னணுக் கருவிகளோ, பெரும்பாலும் வெளியே அறை வெப்பநிலையில் உள்ளன. இரண்டையும் இணைப்பவை நுண்ணலைக் கம்பிகள்.

கியூபிட்டுகள் சில பத்துகளாக இருக்கும் வரை இம்முறை சிக்கல் தருவதில்லை. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. ஐபிஎம் நிறுவனம் 2023 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 1,121 கியூபிட் கொண்ட காண்டோர் சிப்புக்காக, ஒரே குளிரூட்டிக்குள் ஒரு மைலுக்கும் (சுமார் 1.6 கிலோமீட்டர்) அதிக நீளமுள்ள இணைப்புக் கம்பிகள் செலுத்தப்பட்டன. பயனுள்ள பெரிய கணக்குகளைப் பிழையின்றிச் செய்ய லட்சக்கணக்கான கியூபிட்டுகள் தேவைப்படும் என்பது துறை வல்லுநர்களின் பொதுவான மதிப்பீடு. அத்தனைக்கும் வெளியிலிருந்து தனித்தனிக் கம்பி இழுப்பது நடைமுறையில் இயலாது. இடம் போதாது என்பதோடு, ஒவ்வொரு கம்பியும் வெளி வெப்பத்தைச் சிறிதளவு உள்ளே கடத்திவிடுகிறது.

எனவே, கட்டுப்பாட்டு மின்னணுவியலையே குளிரூட்டிக்குள் கொண்டுசெல்வது ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. கிரையோ-சிமாஸ் என்று அழைக்கப்படுவது இதுவே. குளிரூட்டியின் 4 கெல்வின் அடுக்கில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், சாதாரண முறையில் தயாரான சிலிக்கான் சிப்பை வைத்து, அங்கிருந்தே கியூபிட்டுகளை இயக்குவது அதன் நோக்கம்.

குளிரில் சிலிக்கானுக்கு நேர்வது என்ன?

தூய சிலிக்கான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் பாஸ்பரஸ், போரான் போன்ற மாசு அணுக்களை மிகச் சிறிய அளவில் கலந்தே அது பயன்படுத்தப்படுகிறது. பாஸ்பரஸ் அணு தன்னிடமுள்ள உபரி எலக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ 45 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அறை வெப்பநிலையில் கிடைக்கும் வெப்ப ஆற்றல் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால் எலக்ட்ரான்கள் எளிதில் விடுபடுகின்றன. ஆனால், 4 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.35 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் தத்தம் அணுக்களிலேயே கட்டுண்டு கிடக்கின்றன. இதை மின்னூட்ட உறைவு என்று இயற்பியலாளர்கள் கூறுகின்றனர்.

அப்படியானால் டிரான்சிஸ்டர் எவ்வாறு இயங்குகிறது? இன்றைய சிப்புகளில் உள்ள டிரான்சிஸ்டரில், கேட் எனப்படும் முனையில் தரப்படும் மின்னழுத்தம் சிலிக்கானின் மேற்பரப்புக்கு மின்னூட்டங்களை இழுத்து ஒரு பாதையை உருவாக்குகிறது. அந்தப் பாதையின் இரு முனைகளிலும் மாசு அணுக்கள் மிக நெருக்கமாகக் கலக்கப்பட்டுள்ளதால், அப்பகுதிகள் உலோகத்தைப்போல நடந்துகொள்கின்றன. எந்தக் குளிரிலும் உறைவதில்லை. பாதைக்குத் தேவையான மின்னூட்டங்கள் அங்கிருந்து வந்துசேர்கின்றன. இதனால்தான் உட்பகுதி உறைந்த பின்னரும் டிரான்சிஸ்டர் வேலை செய்கிறது.

வேறு வகை டிரான்சிஸ்டர்களுக்கு இந்த வாய்ப்பில்லை. பழைய இருமுனை வகை சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பெருக்கத்திறன் கடுங்குளிரில் வெகுவாகக் குறைந்துவிடும். பெரும்பாலான சிப்புகள், மாறாத மின்னழுத்த அளவுகோல் ஒன்றைப் பெறுவதற்கு இந்த வகை டிரான்சிஸ்டரையே நம்பியிருக்கின்றன. ஆகவே, அறை வெப்பநிலைக்காக வடிவமைக்கப்பட்ட சிப்பை அப்படியே குளிரூட்டிக்குள் வைத்தால், டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை இயங்கினாலும் சிப் முழுமையாக இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

நன்மைகளும் சிக்கல்களும்

குளிரால் கிடைக்கும் நன்மைகள் கணிசமானவை. சிலிக்கான் அணுக்களின் அதிர்வு அடங்கிவிடுவதால் எலக்ட்ரான்கள் தடையின்றி வேகமாக நகர்கின்றன. சிப்புக்குள் உள்ள தாமிர இணைப்புகளின் மின்தடை குறைகிறது. அணைக்கப்பட்ட டிரான்சிஸ்டரில் ஏற்படும் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

இந்த நன்மைகளைப் பயன்படுத்தும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவின் கண்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் துணை நிறுவனமான ஈடிஏ சிஸ்டம்ஸ், 1980-களின் பிற்பகுதியில், 77 கெல்வின் அளவிலுள்ள திரவ நைட்ரஜனில் சிப்புகளை மூழ்கவைத்து இயங்கும் ஈடிஏ-10 என்ற மீத்திறன் கணினியை உருவாக்கியது. வேகம் கூடியது. ஆனால், வணிகரீதியில் நிலைக்காமல் அந்நிறுவனம் 1989-இல் மூடப்பட்டது. அறை வெப்பநிலை சிப்புகள் ஆண்டுதோறும் வேகமெடுத்த அக்காலத்தில், குளிரூட்டும் செலவு தேவையற்றதாகக் கருதப்பட்டது. விண்வெளியில் தேவை தொடர்ந்தது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அகச்சிவப்பு உணரிகளுக்கு அருகே, சுமார் 40 கெல்வின் குளிரில் சிலிக்கான் சிப்புகள் இயங்கி வருகின்றன.

குவாண்டம் கணினிக்குத் தேவையான 4 கெல்வின் அதனினும் கடுமையானது. அங்கே சிக்கல்கள் கூடுகின்றன. முதலாவதாக, டிரான்சிஸ்டரை இயங்கச் செய்வதற்குத் தேவையான தொடக்க மின்னழுத்தம் 0.1 முதல் 0.2 வோல்ட் வரை உயர்கிறது. 1 வோல்ட் அளவில் இயங்கும் இன்றைய சிப்புகளில் இது சிறிய மாற்றமன்று.

இரண்டாவதாக, ஏட்டுக் கணக்கு பொய்க்கிறது. அறை வெப்பநிலையில், அணையும் நிலையிலுள்ள டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, கேட் மின்னழுத்தத்தைக் குறைந்தது 60 மில்லிவோல்ட் மாற்ற வேண்டும். கோட்பாட்டின்படி 4 கெல்வினில் இதற்கு 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவே போதும். அளவீடுகளோ பெரும்பாலும் 10 மில்லிவோல்ட்டை ஒட்டியே நின்றுவிடுகின்றன. சிலிக்கானும் அதன்மீதுள்ள ஆக்சைடு படலமும் சேரும் எல்லையில் காணப்படும் ஒழுங்கின்மையே இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

மூன்றாவதாக, ஒரே மாதிரி தயாரிக்கப்பட்ட இரு டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான வேறுபாடு குளிரில் அதிகரிக்கிறது. நான்காவதாக, இயங்கும்போது வெளிப்படும் வெப்பம் எளிதில் வெளியேறாததால், சுற்றுப்புறம் 4 கெல்வினில் இருந்தாலும் டிரான்சிஸ்டரின் உட்பகுதி அதைவிடப் பல கெல்வின் கூடுதலாகச் சூடேறுகிறது.

இவை அனைத்துக்கும் அடியில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உள்ளது. சிப் வடிவமைப்பாளர்கள் டிரான்சிஸ்டரின் நடத்தையைக் கணினியில் கணிக்க, உற்பத்தி ஆலை வழங்கும் கணித மாதிரிகளைப் பயன்படுத்துகின்றனர். அவை வழக்கமாக மைனஸ் 40 அல்லது மைனஸ் 55 டிகிரி முதல் 125 டிகிரி வரை மட்டுமே செல்லுபடியாகும். அதற்குக் கீழே, வடிவமைப்பாளர் வழிகாட்டியின்றி நிற்கிறார். சொந்தமாக டிரான்சிஸ்டர்களைத் தயாரித்து, குளிரவைத்து, ஒவ்வொன்றாக அளந்து, மாதிரியைத் தாமே உருவாக்க வேண்டியுள்ளது. இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வெப்பத்தின் வரவு செலவு

உலகில் இத்துறையின் முன்னேற்றம் கடந்த சில ஆண்டுகளில் வேகமெடுத்துள்ளது. கூகுள் ஆய்வாளர்கள் 2019-இல், 3 கெல்வினில் இயங்கும் 28 நானோமீட்டர் சிப் ஒன்றால் மீகடத்து கியூபிட்டை இயக்கிக் காட்டினர். அது 2 மில்லிவாட்டுக்கும் குறைவான மின்சாரத்தையே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இன்டெல், நெதர்லாந்தின் கியூடெக் ஆய்வு மையத்துடன் இணைந்து ஹார்ஸ் ரிட்ஜ் என்ற 22 நானோமீட்டர் சிப்பை அறிவித்தது. அது சிலிக்கான் கியூபிட்டை, அறை வெப்பநிலைக் கருவிகளுக்கு இணையாக 99.7 சதவீதத் துல்லியத்துடன் இயக்கியதாக 2021-இல் வெளியான ஆய்வறிக்கை தெரிவித்தது.

2 மில்லிவாட் என்பது அற்பமான அளவாகத் தோன்றலாம். ஆனால், இத்தகைய குளிரூட்டிகளில் உள்ள ஒரு குளிர்விப்பான், 4 கெல்வின் அடுக்கிலிருந்து அகற்றக்கூடிய வெப்பம் ஓரிரு வாட் மட்டுமே. கைப்பேசி சார்ஜர் வழங்கும் மின்திறனில் இது பத்தில் ஒரு பங்கு. ஒரு கியூபிட்டுக்கு 2 மில்லிவாட் என்றால், ஆயிரம் கியூபிட்டுகளிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடும். பத்து லட்சம் கியூபிட்டுகளுக்கு 2,000 வாட் தேவைப்படும். கியூபிட்டுகள் இருக்கும் கடைசி அடுக்கில் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கே அகற்ற முடிவது சில பத்து மைக்ரோவாட் மட்டுமே.

எனவே, குளிரில் சிப் இயங்குகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட நிலையில், எவ்வளவு குறைந்த வெப்பத்தில் இயங்குகிறது என்ற கேள்வியே இப்போது எஞ்சியுள்ளது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வுக் குழு 2025 ஜூனில் வெளியிட்ட முடிவுகளின்படி, சிலிக்கான் கியூபிட்டுகளிலிருந்து 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில், மில்லிகெல்வின் குளிரில் வைக்கப்பட்ட கட்டுப்பாட்டு சிப், சுமார் 10 மைக்ரோவாட் மட்டுமே எடுத்துக்கொண்டு, கியூபிட்டுகளின் தரத்தைக் குறிப்பிடும்படி பாதிக்காமல் இயங்கியது.

ஏற்றுமதிப் பட்டியலில் குளிர் சிப்

இந்த முன்னேற்றத்தின் முக்கியத்துவத்தை ஆய்வேடுகளைவிட அரசாணைகள் தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்க வர்த்தகத் துறை 2024 செப்டம்பர் 6-ஆம் தேதி வெளியிட்ட விதிகளில், குவாண்டம் கணினிகளுடன் சேர்த்து, 4.5 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த வெப்பநிலையில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட சிமாஸ் சிப்புகளும் தனியாகப் பட்டியலிடப்பட்டன. குறிப்பிட்ட திறனுக்கு மேற்பட்ட குளிரூட்டும் கருவிகளும் அதில் இடம்பெற்றன. பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளும் அதே ஆண்டில் இதையொத்த கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன.

இது தடை அல்ல. உரிமம் பெற்று வாங்கலாம். இணையான கட்டுப்பாடுகளை நடைமுறைப்படுத்திய நாடுகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. எனினும், விதி வெளியானபோது அந்த விலக்குப் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. நாளை தேவைப்படும் சிப்பை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமானம் இதனால் பலவீனமடைகிறது. கிரையோஜெனிக் என்ஜின் தொழில்நுட்பத்தை ரஷியாவிடமிருந்து பெறும் முயற்சி 1990-களில் அமெரிக்க எதிர்ப்பால் தடைபட்டதும், பின்னர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ அதைச் சொந்தமாக உருவாக்க இரு பத்தாண்டுகள் ஆனதும் நினைவுகூரத்தக்கவை.

இந்தியா நிற்கும் இடம்

தேசிய குவாண்டம் இயக்கம், எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை உருவாக்க இலக்கு நிர்ணயித்துள்ளது. மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் புணே ஆய்வகம், டிசிஎஸ் ஆகியவை இணைந்து 6 கியூபிட் மீகடத்து கணினியைச் சோதித்து முடித்துள்ளதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள், சந்தையில் கிடைக்கும் மின்னணுச் சாதனங்களையும் தனியே நிரலாக்கம் செய்யப்பட்ட பலகைகளையும் கொண்டு புணே ஆய்வகத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. பெங்களூரைச் சேர்ந்த கியூபிஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் 25 கியூபிட் கணினியை அறிவித்தது. இந்த எண்ணிக்கைகளுக்கு வெளியிலிருந்து கம்பி இழுக்கும் முறையே போதுமானது. ஆயிரத்தை நெருங்கும்போதுதான் கம்பியும் வெப்பமும் குறுக்கே வரும்.

மறுபுறம், சிப் உற்பத்தியில் இந்தியா தேர்ந்தெடுத்துள்ள தொழில்நுட்பங்கள் இத்துறைக்குப் பொருத்தமானவையாக உள்ளன. குஜராத்தின் தொலேராவில் தைவானின் பிஎஸ்எம்சி நிறுவனத்துடன் இணைந்து ரூ.91,000 கோடியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் அமைக்கும் ஆலை, 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான சிப்புகளைத் தயாரிக்கத் திட்டமிட்டுள்ளது. மொஹாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோமீட்டர் சிப்புகளைத் தயாரித்து வருகிறது. உலகச் சந்தையில் இவை முதிர்ந்த தொழில்நுட்பங்களாகக் கருதப்படுபவை. ஆனால், கூகுளின் 2019 சிப் 28 நானோமீட்டர் அளவிலானது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் கடுங்குளிர் நடத்தையை அளக்கப் பயன்படுத்தியவை 160, 40 நானோமீட்டர் டிரான்சிஸ்டர்கள். இத்துறையில் நுழைய 2 அல்லது 3 நானோமீட்டர் ஆலை தேவையில்லை.

மனித வளமும் உள்ளது. உலகெங்கும் சிப் வடிவமைப்பில் பயன்படும் பிசிம் கணித மாதிரிகள் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானவை. அவற்றின் மேம்பாட்டில் கான்பூர் ஐஐடி ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. 85,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் மத்திய அரசின் திட்டத்தின் கீழ், கல்வி நிறுவனங்களில் மாணவர்கள் வடிவமைக்கும் சிப்புகள் மொஹாலியில் தயாரிக்கப்படுகின்றன. அவற்றோடு சேர்த்து ஒரு சில சோதனை டிரான்சிஸ்டர்களையும் தயாரித்து, குளிரூட்டி வசதியுள்ள ஆய்வகங்களில் அளந்து, தரவுகளை எல்லா வடிவமைப்பாளர்களுக்கும் திறந்துவிடுவதற்குப் புதிய ஆலை எதுவும் தேவைப்படாது. இரு துறைகளின் ஒருங்கிணைப்பே தேவை.

நிலவிலும் இதே கேள்வி

குவாண்டம் கணினி தாமதமானாலும் இந்த அறிவு வீணாகாது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலவில் தரையிறங்கிய சந்திரயான்-3, 14 நாள் கொண்ட ஒரு நிலவுப் பகலுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டிருந்தது. இரவு முடிந்த பின், செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் தொடர்புகொள்ள முயன்றபோது சமிக்ஞை கிடைக்கவில்லை. நிலவின் இரவில் வெப்பநிலை மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே செல்கிறது. மின்கலம், இணைப்புப் பற்றவைப்புகள், சிப்புகள் என அனைத்துக்குமே அது சோதனைக்காலம். துருவப் பகுதிகளில் சூரிய ஒளியே படாத பள்ளங்களில் குளிர் மைனஸ் 240 டிகிரியை எட்டுகிறது. இஸ்ரோவுக்காக மொஹாலியில் தயாரான விக்ரம்-3201 நுண்செயலியின் இயங்கு வரம்பு மைனஸ் 55 டிகிரி வரைதான். ஜப்பானுடன் இணைந்து நிலவின் துருவப் பகுதியை ஆராயத் திட்டமிட்டுள்ள இந்தியாவுக்கு, அந்த வரம்புக்குக் கீழே சிலிக்கான் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது தள்ளிப்போடக்கூடிய கேள்வியன்று.

மாற்றுக் கருத்துகள்

கிரையோ-சிமாஸ் ஒன்றே வழி என்று வல்லுநர்கள் அனைவரும் கருதவில்லை. ஒரே கம்பியில் பல கியூபிட்டுகளின் சமிக்ஞைகளை அனுப்பும் முறை, ஒளியிழை வழியே கட்டளைகளை அனுப்பும் முறை, மீகடத்திகளாலேயே தர்க்கச் சுற்றுகளை அமைக்கும் முறை ஆகியவையும் ஆராயப்படுகின்றன. ஒளித்துகள், அயனி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட குவாண்டம் கணினிகளின் தேவைகள் வேறு. முதலில் கியூபிட்டின் தரத்தை உயர்த்த வேண்டும், கட்டுப்பாட்டு சிப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதமும் உண்டு. குறைந்த நிதியுள்ள நாட்டுக்கு இந்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆனால், இரண்டுக்கும் தேவைப்படும் காலம் ஒன்றுபோல இல்லை. கியூபிட் தரமானதாக அமைந்த பிறகு டிரான்சிஸ்டரை அளக்கத் தொடங்கினால், மாதிரி உருவாகி, சிப் வடிவமைக்கப்பட்டு, தயாராகி, மீண்டும் சோதிக்கப்படுவதற்குள் இயக்கத்தின் காலக்கெடுவான 2030-31 கடந்துவிடும். அளவீட்டுக்கு ஆகும் செலவோ, இரு இயக்கங்களின் ஒதுக்கீட்டுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியது.

தொலேரா ஆலை உற்பத்தியைத் தொடங்கும்போது, வடிவமைப்பாளர்களுக்கு அது வழங்கும் கணித மாதிரிகள் எந்த வெப்பநிலை வரை செல்லுபடியாகும் என்பதை இப்போதே முடிவு செய்யலாம். மொஹாலியின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு அத்தகைய அளவீடுகளை உடனடியாகவே தொடங்க இயலும். அந்த முடிவு எந்த அமைச்சகத்தின் பொறுப்பில் வரும் என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாக உள்ளது.